மேட்டூர் திறக்காத வருஷத்து ருஷ்ய சிம்பொனி

செந்திலுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் 'அன்புள்ள' என்ற சொல்லை இந்த முறை எழுதவில்லை. மறதியால் அல்ல. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இந்த அறுபத்தேழு வயதில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாருக்கும் எழுதியதில்லை. வேலையில் இருந்தபோது மேலதிகாரிக்கும் எழுதியதில்லை, உன் அம்மாவுக்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபத்தில் எனக்கு ஒழுங்கு தவறிவிடும் என்ற பயம் உண்டு. அதனால் சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் நீ பேசியதும், பிறகு இணையத்தில் எழுதியதும் ஏன் தவறு.
2. பழைய இசைத்தட்டை மதிப்பிடும்போது வாசிப்புக்கு ஒரு மதிப்பெண், ஒலிக்கு ஒரு மதிப்பெண் என்று ஏன் பிரிக்க வேண்டும்.
3. நீ அனுப்பிய, இரைச்சல் நீக்கிய சிடி ஏன் தட்டைவிட மட்டமானது.
4. சிவப்பு உறைத் தட்டில் இசைக்குழுவை வழிநடத்திய கண்டக்டர் நிதானமாகத்தான் நடத்தினார். அதற்கும் நம் ஊர் கரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.
5. ஆகவே அந்த இணையப் பக்கத்தை நீ எடுத்துவிட வேண்டும்.

இதை உனக்குத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நீ ஊரறிய எழுதினாய். நான் மட்டும் ஏன் மூடிய உறைக்குள் எழுத வேண்டும்? உன் பக்கத்துக்கு அடியில் பதில் எழுத இடம் இருப்பதாக ஒரத்தநாட்டு பிரவுசிங் சென்டர் பெண் காட்டினாள். எனக்கு அதில் தட்டச்சு செய்ய வராது. அதனால் ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ, தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள் என்று எழுத வந்தேன். பொறுத்துக்கொள்ள வேண்டியது உன் கடமை.

நான் இயற்பியல் படித்துவிட்டு முப்பத்தொரு வருஷம் நெல் கொள்முதல் நிலையங்களில் தரம் பார்க்கும் வேலை செய்தவன். நீ ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் தஞ்சாவூரில் நடந்த ஒரு சோவியத் புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். கணிதப் புத்தகம் வாங்கப் போனவன், இரண்டு இசைத்தட்டுகளோடு திரும்பி வந்தேன். இரண்டிலும் ஒரே ருஷ்ய சிம்பொனி. சிவப்பு உறையில் இருந்தது ஒரு வயதான கண்டக்டர் நடத்தியது, பழைய மோனோ ஒலிப்பதிவு. நீல உறையில் இருந்தது பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஓர் இளைஞர் நடத்தியது, ஸ்டீரியோ. ஒரே பாட்டை எதற்கு இரண்டு என்று அம்மா கேட்டாள். ஒரே ரக நெல்லை இரண்டு பேர் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று மனதுக்குள் பதில் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. போட்டுக் கேட்க பிளேயர் வீட்டில் இல்லை. அதற்கு நான்கு வருஷம் ஆனது. பட்டுக்கோட்டை ஹாஜா பாய் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து ரேடியோ கடை வைத்தபோது, தான் கொண்டுவந்திருந்த பிளேயரை எனக்குக் கொடுத்தார். அன்று தொடங்கிய நோட்டுப் புத்தகத்தைத்தான் நீ விருந்தில் விரித்தாய்.

இப்போது முதலாவது. உன் மாமனார் கும்பகோணத்திலிருந்து பதினெட்டுப் பேரோடு மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தார். இலையில் மோர் விட்டாகிவிட்டது. நீ இடது கையில் என் நோட்டைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாய்.

"மாமா, எங்க அப்பாவோட ஆராய்ச்சிய நீங்க பாக்கலயே."

"என்ன மாப்ளே, நெல்லு கணக்கா?" என்றார் அவர்.

"நெல்லு இல்ல மாமா, ருஷ்யா. இருபது வருஷ மார்க்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். மேட்டூர் தொறக்காத வருஷமெல்லாம் ருஷ்யாக்காரன் கம்பீரமா நடத்தியிருக்கான். தண்ணி வந்த வருஷம் மார்க்கு கொறஞ்சுபோவுது."

"அது எப்புடி? அவனுக்கும் காவேரிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆத்துல தண்ணி வரலன்னா ஊரு பூரா போர்செட்டு ஓடும். வோல்டேஜ் எறங்கும். பிளேயர் மெதுவா சுத்தும். அப்பா அத கண்டக்டரோட நிதானம்னு நெனச்சு பத்துக்கு ஒம்போது போட்டுருக்காங்க!"

உன் மாமனார் இலையைத் தொட்ட கையோடு சிரித்தார். "அப்ப ருஷ்யாக்காரனுக்குப் போட வேண்டிய மாலைய லயன்மேனுக்குல்ல போடணும்!" பந்தி முழுக்கச் சிரிப்பு. "டேய், சாப்புடற எடத்துல என்னடா இது," என்று அம்மா மட்டும் அதட்டினாள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாததால் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தது உன் மனைவி ஒருத்திதான். கை கழுவிவிட்டு வந்து, "மாமா, அந்த ருஷ்யா ரெக்கார்டு போடறீங்களா? நான் கேட்டதே இல்ல," என்றாள். அப்புறம் போடுகிறேன் என்றேன். நீங்கள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறும்வரை போடவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஒரு மாதம் கழித்து ஹாஜா பாய் வழியாகச் சேதி வந்தது, நீ இதை எல்லாரும் படிக்கும்படி எழுதியிருக்கிறாய் என்று. நான்கு தாள் அச்செடுத்து வந்தேன். வரைபடம் போட்டிருக்கிறாய். கடைசி வரியை என்னால் மறக்க முடியவில்லை: என் தந்தை இருபது வருடம் மதிப்பிட்டது ஒரு இசைக்குழுவை அல்ல, ஒரு டிரான்ஸ்பார்மரை. நல்ல வாக்கியம்தான். வேறு ஒருவரைப் பற்றி எழுதியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன். செந்தில், ஒருவன் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நிலையத்தில் ஈர நெல் கொண்டுவந்த ஒருவரையும் நான் அடுத்தவர் காதுபட 'ஈரம்' என்று சொன்னதில்லை. தராசுக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சொல்வேன். அதைக் கோழைத்தனம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அதனால் யாரும் தலைகுனிந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதில்லை.

இரண்டாவது. என் மதிப்பெண் முறையைப் பழங்காலத்து அசட்டுத்தனம் என்று எழுதியிருக்கிறாய். அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொன்னதில்லை. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் வல்லம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மழையில் நனைந்து பழுப்பேறிக் காய்ந்த நெல்லைக் கொண்டுவந்தார். பார்வைக்கு மட்டம். அவருக்கு முன்னால் வந்தவருடையது தங்கம் மாதிரி மின்னியது. மின்னியதைக் கடித்துப் பார்க்காமலே முதல் தரம் எழுதினேன். பழுப்பைக் கடித்துப் பார்க்காமலே தள்ளினேன். சாயங்காலம் மாதிரிப் பைகளைக் கட்டும்போது சும்மா ஒன்றை வாயில் போட்டேன். மின்னியது பல்லில் மசிந்தது, உள்ளே அவ்வளவு ஈரம். பழுப்பு 'நறுக்'கென்று உடைந்தது. பெரியவர் போய்விட்டிருந்தார். மறுநாள் தேடிப்போய்த் திருத்தியிருக்கலாம். போகவில்லை, மேலே என்ன சொல்வார்களோ என்று பயம். அன்றிலிருந்துதான் பார்வைக்கு ஒரு பத்தி, பல்லுக்கு ஒரு பத்தி என்று எழுத ஆரம்பித்தேன்.

இசைத்தட்டில் ஒலி என்பது அந்த மினுமினுப்பு. நீலத் தட்டை யார் போட்டுக் கேட்டாலும் முதலில் மயங்குவார்கள். வயலின்கள் இடப்பக்கம் விரிந்து நிற்கும், முரசு பின்சுவரிலிருந்து வரும், மணி தனியாகத் தெரியும். சிவப்பில் எல்லாரையும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஓரத்தில் கரகரப்பு. பக்கத்தின் கடைசியில், ஊசி நடுவுக்கு வரும்போது, எல்லா வாத்தியமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒலி நசுங்கும். ஒலிக்குப் பத்துக்கு மூன்றுக்குமேல் கொடுக்க மனசாட்சி இடம் தராது. ஆனால் வாசிப்பைக் கேள். பழைய ருஷ்யக் குழுக்களில் கொம்பு வாத்தியம் வாசிக்கிறவர் ஸ்வரத்தை நேராகப் பிடிக்க மாட்டார். லேசாக அசைத்துக்கொண்டே பிடிப்பார், அழுகையை அடக்கிப் பேசுகிற குரல் மாதிரி. நீலத் தட்டில் அந்த அசைவைத் திருத்திவிட்டார்கள். சுத்தமாக இருக்கிறது, யாரும் அங்கே இல்லை. ஒலியைக் கேட்ட நாளிலேயே வாசிப்புக்கு மதிப்பெண் போட்டால் நீலம்தான் ஜெயிக்கும். அதனால்தான் ஒரு நாள் ஒலி, இன்னொரு நாள் வாசிப்பு. இதை நீ எங்கே வேண்டுமானாலும் போய்க் கேள், நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒரு தட்டின் ஞாபகம் இன்னொன்றின்மேல் ஏறக்கூடாது என்று இரண்டுக்கும் இடையில் நீண்ட இடைவெளி வைத்தேன். ஆனி, ஆடியில் நிலையத்தில் வேலை இருக்காது; அப்போது சாயங்காலம் நான்கு மணிக்குச் சிவப்பு. கார்த்திகை, மார்கழியில் மழைவிட்ட சாயங்காலங்களில் நீலம். இருபது வருஷமும் இந்த ஒழுங்கு தவறவில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

மூன்றாவது, உன் சிடி. சிவப்புத் தட்டின் அதே ஒலிப்பதிவை யாரோ கம்ப்யூட்டரில் கழுவி விற்கிறார்கள், நீ வாங்கி அனுப்பினாய், நன்றி. கரகரப்பைத் தேடினேன், இல்லை. அதோடு சேர்ந்து கூடத்தின் காற்றும் இல்லை. மெதுவான பகுதி தொடங்குவதற்கு முன்னால் தட்டில் நாலைந்து விநாடி மௌனம் வரும். அதில் ஒரு நாற்காலி முனகும், யாரோ தாள் திருப்புவார், பெரிய கட்டடத்தின் குளிர் இருக்கும். சிடியில் அந்த இடத்தில் கிணற்றை மூடி போட்டு மூடிய மாதிரி ஒன்றுமில்லை. ஜாலரா தகரத் தட்டு ஆகிவிட்டது. உமியை நீக்குகிறேன் என்று தவிட்டையும் நீக்கினால் அரிசி வெள்ளையாகத்தான் இருக்கும். கழுவியவர்களுக்கு ஒலியில் இரண்டு போட்டேன், இரக்கப்பட்டு.

சிடியில் கண்டக்டர் தட்டில் இருப்பதைவிட வேகமாகப் போகிறார் என்பதையும் கவனித்தேன். கழுவும்போது ஓட்டத்தையும் கூட்டிவிட்டார்கள் என்று நோட்டில் குறித்து, அடிக்கோடும் போட்டேன். இது நான்காவதற்குச் சேரும்.

நான்காவதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். அந்தக் கிழவர் எனக்கு யார் என்று உனக்குத் தெரியும். முகம்கூடப் பார்த்ததில்லை, உறையில் படம் இல்லை. ஆனால் அவர் அவசரப்படாமல் நடந்து போகிற அந்த முதல் பகுதியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டுதான் நான் பல நாள் நிலையத்துக்குக் கிளம்பினேன். நீ முதல்முறை சிங்கப்பூர் போகும்போது தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் என்ன சொன்னேன்? "அவசரப்படாத. அந்தக் கெழவர் மாதிரி நிதானமா இரு. சத்தமே போடாம எல்லாரையும் கூட்டிட்டுப் போறாரு பாரு." நீ தலையாட்டினாய். மகனுக்குச் சொல்ல எனக்குச் சொந்தமாக ஒன்றும் இருக்கவில்லை, அவரைத்தான் சொன்னேன். அதை ஒரு டிரான்ஸ்பார்மர் என்கிறாய்.

தட்டு மெதுவாகச் சுற்றினால் சுருதியே இறங்கியிருக்கும், அப்பாவுக்கு அதுகூடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். தஞ்சாவூர்க்காரனுக்குச் சுருதி தெரியாது என்று உலகத்துக்கே சொல்கிறாய். கொதித்துப்போனேன். இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா முதல்முறை நின்றது. நம் கச்சேரியில் பாடுகிறவர் தன் தொண்டைக்கு ஏற்றபடி சுருதி வைத்துக்கொள்கிறார். தம்புராவோடு சேர்ந்தால் சரி, எந்த உயரம் என்று யாரும் கேட்பதில்லை. எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால் என் காது அதைப் பிழை என்று சொல்லுமா? சொல்லாது. சொல்லப் பழகவில்லை. ஆனாலும் அது உனக்கு ஆதாரம் ஆகாது. எனக்கு ஆதாரம் வேண்டும் என்று பழைய நோட்டுகளை இறக்கினேன்.

முதல் நோட்டில் ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில் உன் கையெழுத்து இருந்தது. உனக்குப் பதினான்கு வயது. ஹாஜா பாய் உனக்கு வளைகுடாவிலிருந்து வந்த எலெக்ட்ரானிக் கடிகாரம் ஒன்று பரிசாகத் தந்திருந்தார், விநாடி எண்ணுகிற மாதிரி. நீ அதைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புத் தட்டின் முதல் பக்கத்தை எண்ணினாய். உறையில் எழுத்து ருஷ்யன். எண் எல்லாருக்கும் பொது. இருபது நிமிடம் நாற்பது விநாடி என்று அச்சிட்டிருக்கிறது. நீ எழுதியது: 'இருபத்தொரு நிமிடம் ஐம்பது விநாடி. ஏன்?' அதன் குறுக்கே நான் சிவப்பு மையால் கோடு போட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன்.

அன்று நடந்தது முழுதும் ஞாபகம் வந்தது. "இல்லப்பா, ரெண்டு தடவ எண்ணுனேன்," என்றாய். ஹாஜா பாய் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பையன் என்னைத் திருத்துகிறானே என்று எனக்குப் பதற்றம். "கடிகாரம் சரியில்ல. கழட்டு," என்றேன். கழற்றி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். "விடுங்க சார், சின்னப் புள்ள. அவன் சொல்றதயும் ஒரு தடவ பாத்துடலாமே," என்றார் அவர். பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சிவப்புத் தட்டு போடும் சாயங்காலங்களில் நீ சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விடுவாய். படிக்கிற பையன், வெளியே போகட்டும் என்று நினைத்தேன். அதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

உன் வாதத்தை உடைக்க அந்தக் கடிகாரமே போதும் என்று நினைத்தேன். கடிகாரம் தப்பு என்றால் நீ அன்றும் தப்பு, இன்றும் தப்பு. பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஹாஜா பாய் பேட்டரி போட்டார். "என்ன சார், மகனோட வழக்காடுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வழக்குன்னா ரெண்டு பக்கமும் சாட்சி விசாரிக்கணும். மோட்டார் ஓடாத நேரத்துலயும் ஒருக்கா போட்டுப் பாருங்க." இரண்டு நாள் வானொலிச் செய்தி நேரத்தோடு ஒப்பிட்டேன். ஒரு விநாடி பிசகவில்லை.

இந்த வருஷமும் மேட்டூர் திறக்கவில்லை. போர்செட்டுக்கு மும்முனை கரண்ட் விடாத காலை வேளையில், நம் தெருவில் ஒரு மோட்டார் சத்தமும் இல்லாதபோது, சிவப்புத் தட்டைப் போட்டேன். இருபது நிமிடம் நாற்பத்தைந்து விநாடி. என் வழக்கமான நான்கு மணிக்கு, சுற்றிலும் குறுவைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது, மறுபடி போட்டேன். இருபத்தொரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. மூன்று நாள் இப்படியே செய்தேன். சிடியையும் எண்ணினேன். அதன் ஓட்டத்தை யாரும் கூட்டவில்லை. பாழாய்ப்போன என் ஒழுங்கு சிவப்பை எப்போதும் மோட்டார் ஓடும் மாதத்திலும், நீலத்தை எப்போதும் மோட்டார் ஓயும் மாதத்திலும் வைத்திருக்கிறது. தண்ணீர் வந்த வருஷங்களில் அவர் கொஞ்சம் விரைந்தபோது மதிப்பெண்ணைக் குறைத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிக் கேட்டிருந்தால் ஒரே வருஷத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

காலையில் கேட்ட அந்த மனிதரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவர் நிதானமானவர் அல்ல. கோபக்காரர். வயலின்களை வெட்டி வெட்டி இழுக்கிறார், கொம்புக்காரருக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை, முரசு வாசிக்கிறவர் பின்னால் ஓடிவருகிறார். ரயிலைத் தவறவிட்ட ஆள் மாதிரி முதல் பகுதியை முடிக்கிறார். என்னைப் போல ஒருவர் ருஷ்யாவில் இருக்கிறார் என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி யாரும் இல்லை. இல்லாத ஒருவரைப் போல இரு என்று பஸ் ஸ்டாண்டில் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு வாசிப்பில் இப்போது என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. காலையில் நான்கு தடவை கேட்டுவிட்டேன், இன்னும் போடவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமே என்று அம்மா சொன்னாள். நிலையத்துப் பதிவேட்டில் எதையும் அழிக்கக்கூடாது. குறுக்கே கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, ஒப்பம் வைக்க வேண்டும். அதனால் மேலே உள்ள பட்டியல் அப்படியே இருக்கட்டும். ஒன்று, இரண்டு, மூன்று நிற்கின்றன. விருந்தில் நீ செய்ததற்கு என் கோபமும் நிற்கிறது. நீ சொன்னது சரியாகப் போனதால் நீ சொன்ன விதம் சரியாகிவிடாது. ஐந்தாவது 'ஆகவே' என்று தொடங்குகிறது, அதற்கு முந்தையது விழுந்தால் அதுவும் நிற்காது. பக்கத்தை எடுக்க வேண்டாம். இதைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் திருத்து. கடிகாரத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன், உன் மனைவியோடு வந்து வாங்கிக்கொள். அவளுக்குச் சிவப்புத் தட்டைக் காலையில் போட்டுக் காட்ட வேண்டும்.

பழைய நோட்டில் நான் எழுதிய 'கவனக்குறைவு' என்ற சொல்லின் குறுக்கே நேற்றுக் கோடு போட்டு, 'எண்ணியது சரி' என்று எழுதி ஒப்பம் வைத்தேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன், எல்லாரும் படிக்கும்படி. நான்காவது தவறு.

அப்பா